வைரக்கண்ணு வீட்டு லாப்டாப்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நாலு வேலை. சத்துணவு டீச்சர் வீட்டு லாப்டாப் கீபோர்டில் பாயசம் கொட்டி எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மொட்டை மாடியில் காயவைத்தேன். ஜெராக்ஸ் கடை பிரிண்டருக்குள் ஒரு ஹேர்பின் கிடந்தது. ஒரு ஹார்டு டிஸ்க் செத்தே போய்விட்டது. கல்யாணப் படங்கள் இனிக் கிடைக்காது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நாலாவதாக வந்தவர் வைரக்கண்ணு என்ற பெரியவர். எழுபது வயதிருக்கும். ஜவுளிக்கடைப் பைக்குள் லாப்டாப். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது, பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"கடக்காரரு இல்லியாம்மா?"

"நான்தாங்கய்யா கடை."

"ரிப்பேரு பாக்குறவரு?"

"அதுவும் நான்தான்."

சுவரில் மாட்டியிருக்கிற ‘தையல்நாயகி கம்ப்யூட்டர் சர்வீஸ்’ போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையை நீட்டினார்.

"மருமவ பொட்டிம்மா. அதுல மூஞ்சி தெரிய மாட்டேங்குதாம். மவன் கத்தார்ல இருக்கான். நாலு நாளா ஒரே சத்தம்."

கேமராவைத் திறந்தால் கறுப்பாக இருந்தது. டிரைவர் சரியாக இருக்கிறது. மெஷினுக்குக் கேமரா இருப்பதும் தெரிகிறது. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் கேமராவுக்கான அனுமதி அணைக்கப்பட்டிருந்தது. ஒரு சொடுக்கு. திரையில் பெரியவர் முகம் வந்துவிட்டது. அவர் சட்டெனத் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"என்னம்மா கோளாறு?"

"கோளாறே இல்லீங்கய்யா. யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. அதுவா ஆவாது."

"அதுல கை வைக்கிறது எங்க மருமவ ஒருத்திதான்" என்றார், பையை மடித்துக்கொண்டே.

பத்து நிமிட வேலை.

ஜூன் 5, வியாழன்

பெரியவரின் மகன் சுதாகர் கத்தாரிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டார். மரியாதையான பையன். "அக்கா, இங்க ரெண்டு பேருகிட்ட கேட்டேன், ஒருத்தனுக்கும் புரியல. நீங்க பத்தே நிமிசத்துல கண்டுபுடிச்சிட்டீங்களாமே" என்றார். அவர் மனைவி அன்புக்கொடி அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிறாளாம். வெளியே வகுப்பு, வீட்டில் ஆன்லைன் வகுப்பு. இவர் அங்கிருந்து அவளுக்குத் துணையாக வீடியோவில் இருப்பாராம். அவளுக்கு கம்ப்யூட்டர் சரியாக வராது, எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுகிறாள், அதனால் அவள் தொட முடியாதபடி செய்து கொடுங்கள் என்றார்.

பெரியவர் மறுபடி கொண்டுவந்தார். அன்புக்கொடியின் கணக்குக்கு செட்டிங் எதையும் மாற்றும் உரிமை இல்லாமல் செய்தேன். அட்மின் பாஸ்வேர்டு சுதாகரிடம் மட்டும். மெஷினைப் போட்டாலே வீடியோ கால் புரோகிராம் திறந்து ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவர் கூப்பிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். திரை அணைந்தாலும் மெஷின் தூங்காது. ஒவ்வொன்றையும் போனில் அவரோடு சோதித்துப் பார்த்தோம். சுத்தமான வேலை.

கேமரா பக்கத்தில் எரிகிற சின்ன லைட் படிக்கும்போது அவள் கண்ணை உறுத்துகிறதாம், அணைக்க முடியுமா என்று கேட்டார். அது கேமராவோடு சேர்ந்த கம்பி, அணைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

காலை முழுக்கக் கரண்ட் இல்லை. இழுப்பறையைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 11, புதன்

வைரக்கண்ணு வீட்டு லாப்டாப் திரும்ப வந்தது. இந்த முறை கேமரா என்று ஒன்று இருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லை. திரையைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினேன். மேலே கேமராவுக்குப் போகும் மெல்லிய வயர் இணைப்பிலிருந்து கழன்று கிடந்தது. கீழே விழுந்திருந்தால் இப்படி ஆகும். அழுத்திச் செருகி, மேலே ஒரு டேப் ஒட்டி மூடிவிட்டேன்.

சட்டத்தின் ஓரத்தில் நெம்பிய மாதிரி கீறல். கைதவறிப் போட்டிருப்பார்கள்.

பெரியவரிடம் "விழுந்துச்சாய்யா?" என்று கேட்டேன். "தெரியலயேம்மா" என்றார். இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை.

ஜூன் 14, சனி

என் வீட்டுக்காரர் ராஜ்மோகன், தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனை எஃப்.சி. தகுதிச் சோதனைக்குத் தயார் செய்கிறார். வீடு முழுக்க மஞ்சள் பெயின்ட் வாடை. நானும் ஒரு பக்கக் கதவுக்கு அடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேமரா கெட்டு வருவது இது மூன்றாவது தடவை. இன்று பெரியவரோடு அன்புக்கொடியும் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நீல நிறச் சுடிதார், துப்பட்டாவை இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

சட்டத்தைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. வயர் இரண்டு துண்டு.

பெரியவரின் போன் அடித்தது. சுதாகர். "ஸ்பீக்கர்ல போடுங்கப்பா" என்றார். போட்டார். போனை என் மேசையில், கழற்றிய ஸ்குரூ வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, பிரிச்சிட்டீங்களா? என்னாச்சு?"

"வயரு அறுந்திருக்குங்க."

"எப்டி அறுந்துச்சுன்னு அவளையே கேளுங்கக்கா. பக்கத்துலதான நிக்கிறா."

நான் அவளைப் பார்த்தேன். கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"எலி கடிச்சிருக்கும்."

"நம்ம வீட்ல ஏதும்மா எலி" என்றார் பெரியவர், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, நீங்க பதினஞ்சு வருசமா இந்த வேல பாக்குறீங்க. எலி கடிச்சா எப்டி இருக்கும், வெட்டுனா எப்டி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

எலி கடித்தால் வயரின் மேலுறை பிய்ந்து பிசிறாக இருக்கும். இது கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்ப்பது போல வெறுமனே பார்த்தாள்.

"வெட்டுனது மாதிரிதான் இருக்கு" என்றேன்.

போனில் "தேங்ஸ்க்கா" என்று வந்தது. புதுக் கேமராவும் வயரும் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றேன். பெரியவர் முன்னால் இறங்க, அவள் பின்னால் இறங்கினாள். கடைசிப் படி வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். ரிப்பேர் பார்ப்பவள் பொய் சொல்ல முடியுமா?

ஜூன் 18, புதன்

பெரியவர் போன் செய்தார். "சாமான் வந்துருச்சாம்மா?" இன்னும் வரவில்லை என்றேன்.

"கொஞ்சம் வெரசாப் பாரும்மா. கேமரா சரியாவுற வரைக்கும் அந்தப் புள்ளய வகுப்புக்குப் போவக் கூடாதுன்னுட்டான். போனையும் வாங்கி வச்சிக்கச் சொன்னான். நான் வாங்கி வச்சிருக்கேன்."

நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. அதே வாயால் நேற்று நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது. கூரியர் ஆபீசுக்கு இரண்டு முறை போன் செய்தேன். சீக்கிரம் சரிசெய்துவிட்டால் அவள் வகுப்புக்குப் போய்விடுவாள்.

ஜூன் 20, வெள்ளி

சாமான் பதினோரு மணிக்கு வந்தது. பெரியவர் அதற்கு முன்பே வந்து பெஞ்சில் காத்திருந்தார்.

புது வயரை மாட்டி, கேமராவைப் பொருத்தி, டிரைவர் இறக்குவதற்காகக் கடை வைஃபையில் இணைத்தேன். சட்டத்தின் ஒரு ஸ்குரூ மேசைக்குக் கீழே உருண்டுவிட்டது. குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அப்போது லாப்டாப்பிலிருந்து குரல் வந்தது. மெஷின் ஆன்லைனில் வந்ததைப் பார்த்து சுதாகர் கூப்பிட்டிருக்கிறார். நான் செய்துவைத்தபடி அது தானாக எடுத்துக்கொண்டது. திரை மல்லாந்து இருந்ததால் அவருக்கு எங்கள் விட்டத்தைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

"எங்கடி இருக்க? முன்னாடி வா. மூணு நாளு ஆட்டம் போட்டாச்சுல்ல?"

நான் எழுந்திருக்கவில்லை.

"வந்து மூஞ்சியக் காட்டு. கட்டில் பக்கம் திருப்பி வையி. இனிமே தூங்குறப்பவும் மூடக் கூடாது. குளிக்கப் போறேன்னு போயி ஒரு மணி நேரம் உக்காந்து அழுதுட்டு வர்ற கததான் எனக்குத் தெரியுமே. கதவத் தொறந்து வச்சிட்டுப் போ. காதுல விழுதா? வெட்டுன கைய முன்னாடி நீட்டு. நீட்டுடி."

இன்னும் பேசினார். இங்கே எழுத முடியாது. போனில் என்னை அக்கா என்று கூப்பிட்ட அதே குரல். தலையைத் திருப்பிப் பெரியவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எழுந்து கேமரா முன்னால் வந்தேன்.

"அக்கா!" என்றார் உடனே. முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்களாக்கா? ஒக்காந்திருக்கிறது அவதான்னு நெனச்சு... சும்மா வெளையாட்டுக்கு மெரட்டுனேன். படம் சூப்பரா தெரியிதுக்கா. முன்ன இருந்ததவிட கிளியரா இருக்கு."

"சரிங்க" என்றேன்.

பெரியவர் பையை விரித்தார். நான் லாப்டாப்பை அதற்குள் வைத்தேன். கொடுத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜூன் 5 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். லைட்டை அணைக்க முடியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்து நான் சொன்னதை எழுதவில்லை. "அணைக்க முடியாதுங்க, ஆனா வெளிய தெரியாம மறைச்சிடலாம்" என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி, லைட் வெளியே தெரிகிற ஊசி முனையளவு ஓட்டைக்கு உள்பக்கமாகக் கறுப்பு டேப் ஒரு துணுக்கு வெட்டி ஒட்டினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் "நீங்க பெரிய ஆளுக்கா" என்றார். அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை புதுக் கேமரா போட்டபோதும் அந்த டேப் அங்கேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

சமைக்கும்போது ராஜ்மோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரிஞ்சா செஞ்ச?"

"அவரு படிப்புக்குன்னுதான் சொன்னாரு."

"லைட்டு மறைக்கிறதுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் தையலு? அப்ப ஒனக்குத் தோணலையா?"

தோன்றியது. தோன்றியதால்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அழுகை வந்தது. அவர் சமாதானம் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அந்தப் புள்ளகிட்ட சொல்லு" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

புதுக் கேமராவை நாலு நாள் கழித்து ஒருமுறை நேரில் சோதிக்க வேண்டும் என்று சுதாகருக்குச் செய்தி அனுப்பினேன். கட்டை விரல் தூக்கிய படம் வந்தது. பத்து மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

மாமியார் இல்லாத வீடு. பெரியவர் கூடத்தில் பேப்பரை விரித்துவைத்திருந்தார். உள்ளறையில் மேசைமேல் லாப்டாப், கட்டிலைப் பார்த்தபடி. அன்புக்கொடி அதற்கு முன்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். போனவுடன் மெஷினை நிறுத்தி மூடினேன். பிறகுதான் பேசினேன்.

"அன்பு, இதுல ஒரு லைட்டு இருக்கும். கேமரா ஓடுனா எரியும். அத வெளிய தெரியாம நான்தாம்மா மறைச்சேன். டேப் ஒட்டி. மொதல் வாரமே."

அவள் மூடிய லாப்டாப்பைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள். பிறகு, "நான் லைட்டத்தான்க்கா பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். "மொதல்ல எல்லாம் லைட்டு எரிஞ்சா அவரு பாக்குறாருன்னு ஒழுங்கா உக்காந்துக்குவேன். அணைஞ்சா எந்திரிப்பேன். ஒங்க கடையிலேருந்து வந்ததுக்கப்புறம் லைட்டே எரியல. ஸ்கிரீனும் இருட்டா கெடந்துச்சு. விட்டுட்டாரு, இனிமே பாக்க மாட்டாருன்னு நெனச்சேன். ஒரு வாரம் நெனச்சிட்டு இருந்தேன். துணி மாத்துனது, அம்மாகிட்ட போன்ல பேசுனது, அழுதது எல்லாம் இந்த ரூம்லதான். ஒரு நாளு போன் பண்ணி, ‘ஒங்கம்மாகிட்ட என்னையப் பத்தி என்ன சொன்ன’ன்னு வார்த்தைக்கு வார்த்த சொல்றாரு. அன்னிக்கித்தான் ஹேர்பின் வச்சு நெம்பி வயர உருவுனேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார வேறு இடமில்லை, கட்டில்தான். நின்றுகொண்டே இருந்தேன்.

"இப்பவே டேப்ப எடுத்துடுறேன். கேமராவ வேலை செய்யாமப் பண்ணிடுறேன். போர்டு போச்சு, இனிமே முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுறேன்."

"வேணாம். மறுபடி கெட்டுப் போச்சுன்னா என் மேலதான் வரும்."

"வேற என்னம்மா செய்யட்டும்?"

அவள் யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. பல நாள் வைத்திருந்த பதில்.

"மன்னார்குடியில எங்கம்மா இருக்காங்க. அண்ணன் இருக்கு. நான் சொன்னா, மாப்பிள பாசத்துல பாக்குறாரு, அனுசரிச்சுப் போன்னு சொல்றாங்க. நீங்க போயி சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அன்னிக்கி வெட்டுனது மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னதும் எல்லாரும் நம்புனாங்கள்ல?"

லைட் விஷயத்தையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அதைச் சொன்னால் ஊரில் என் கடை என்னாகும் என்று இழுத்தேன். அவளிடம், அந்த அறையில் நின்று, இதைச் சொன்னேன்.

"அதச் சொல்லலன்னா எப்டிக்கா நம்புவாங்க?" என்றாள்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சரிக்கா என்றாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

மெஷினைத் திறந்து, மறுபடி போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

இன்று மன்னார்குடி போகவில்லை. இரண்டு மெஷினுக்கு விண்டோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டும் அவசரமில்லை.

ஜூன் 26, வியாழன்

காலைப் பள்ளிக்கூட டிரிப் முடிந்ததும் ராஜ்மோகனின் வேனிலேயே போனோம். அவ்வளவு பெரிய வேனில் நாங்கள் இரண்டு பேர்.

அன்புக்கொடியின் அம்மா தவமணி. அப்பா இல்லை. அண்ணன் மதியழகன் உரக்கடையில் வேலை பார்க்கிறான், ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து வருகிறோம் என்றதும் அந்த அம்மா காபி கலந்து வந்தார். மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர், கடல் தாண்டி இருந்தாலும் பெண்டாட்டி மேல் எப்படிக் கண்ணும் கருத்துமாக இருக்கிறார் என்று அவராகவே சொன்னார். நான் காபியைக் கீழே வைத்தேன்.

முதல் நாள் செட்டிங்கிலிருந்து ஆரம்பித்தேன். பாஸ்வேர்டு, தானாக எடுக்கும் கால், டேப், பிடுங்கிய வயர், வெட்டிய வயர், ஸ்பீக்கரில் நான் சொன்னது, கடையில் கேட்ட குரல். அந்தக் குரல் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னான் மதியழகன். அம்மா முன்னால் வேண்டாம் என்றேன். வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் அவனிடம் மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது தவமணியம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"லைட்ட மறைக்கிற யோசன யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"ஒனக்கு எதுக்கும்மா அந்த யோசன வந்துச்சு?"

"ஒண்ணு கேட்டா முடியாதுன்னு சொல்லிப் பழக்கம் இல்லீங்க. முடியும்னு காட்டணும்னு தோணிடுச்சு" என்றேன். அதுதான் உண்மை. சொல்லும்போதே எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது.

"நீயும் பொம்பளதான?" என்றார்.

பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அவ சொன்னா. எங்கிட்ட மூணு தடவ சொன்னா" என்று அழுதார். அந்த அழுகையில் எனக்குப் பங்கு இல்லை என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

மதியழகனும் தவமணியம்மாவும் வந்து அன்புக்கொடியைக் கூட்டிப் போய்விட்டார்கள். ராஜ்மோகன்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மன்னார்குடியில் விட்டார். நான் வர வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதால் நான் போகவில்லை.

ராஜ்மோகன் வந்து சொன்னது: பெரியவர் தடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து அவளுடைய சர்டிபிகேட்டையெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். போனையும் கொடுத்தார். புத்தகங்களை இரண்டு கட்டாகக் கட்டி வேனுக்குத் தூக்கி வந்தார். வேன் நகர்வதற்கு முன், ‘மன்னார்குடி போயி எறங்குனதும் எனக்கு ஒரு போன் போடுங்க. அதுக்கப்பறம் அவனுக்குச் சொல்லிக்கிறேன்’ என்றாராம். உள்ளறையில் லாப்டாப்பின் மேல் அவர் துண்டு கிடந்ததாம்.

அவள் மன்னார்குடி வந்ததும் இறங்கி, "வரேண்ணே" என்றாளாம்.

ஜூன் 30, திங்கள்

மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினேன். டேப் விஷயம் முதல் பக்கத்திலேயே வருகிறது. அந்த அதிகாரி படித்துவிட்டு, "ஒங்க மேலயும் கேள்வி வருமே, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் நெஞ்சு லேசானது. அப்படி ஆனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சுதாகரிடமிருந்து இதுவரை பதினாறு குரல் செய்தி. ஒன்றுதான் கேட்டேன். மீதியை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன். ஊர் வாட்ஸப் குரூப்பில் என்னைப் பற்றி யாரோ போட்டிருக்கிறார்கள்: குடும்பத்தைப் பிரிக்கிறவள், பெண்கள் லாப்டாப்பில் ரகசியமாகக் கேமரா வேலை செய்கிறவள், யாரும் அங்கே கொடுக்காதீர்கள். முதல் பாதிக்குக் கோபம் வந்தது. இரண்டாம் பாதிக்குக் கோபப்பட முடியவில்லை.

கடைக்கு ஆள் வரத்து பாதியாகிவிட்டது. சத்துணவு டீச்சர் மட்டும் லாப்டாப்பை வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "தப்பா நெனக்காதீங்க. இதுல கேமரா..." என்று நிறுத்தினார். அவர் எதிரிலேயே சட்டத்தைக் கழற்றிக் காட்டினேன். லைட் எரிவதையும் காட்டினேன். அவர் நன்றி சொன்னார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

வைரக்கண்ணு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"மவன் எங்கிட்ட பேசுறதில்ல" என்றார்.

"என்னாலதாங்கய்யா."

"நீ கேட்டது ஒரு நாளு. ரெண்டு நிமிசம். கேட்டுட்டுப் போயி சொல்லிட்ட. நான் அடுத்த ரூம்ல இருந்தவன்மா. தெனமும் கேட்டவன். டிவி சத்தத்தக் கூட்டி வச்சிக்குவேன்."

கடை மாடியிலிருந்து பார்த்தால் எதிரே பஸ் ஸ்டாண்டு தெரியும். மன்னார்குடி பஸ் ஒன்று கிளம்பியது.

"அது பரீட்ச எழுதுதாமா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழம எழுதுதுங்கய்யா."

"நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார். சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

ஜூலை 16, புதன்

பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்கலாமென்று மத்தியானம் அன்புக்கொடிக்குப் போன் செய்தேன். இங்கே எழுதவில்லை, ஆனால் அவள் மன்னார்குடி போனதிலிருந்து இது நாலாவது தடவை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பேன். சாப்பிட்டாயா, ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்களா, மழை பெய்கிறதா. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். நான் வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிடுவேன்.

இன்று அவளே பேசினாள்.

"பரீட்ச நல்லா எழுதியிருக்கேன்க்கா. கெடைக்கும்னு நெனக்கிறேன்."

"சந்தோசம்மா."

"நீங்க வந்து அம்மாகிட்ட சொன்னதாலதான் நான் இங்க இருக்கேன். அத நான் மறக்கல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனா இனிமே கூப்புடாதீங்கக்கா. ஒங்க குரலக் கேட்டா எனக்கு அந்த வாரந்தான் ஞாவகம் வருது. லைட்டு எரியலன்னு நான் சந்தோசமா இருந்த வாரம். நீங்க கூப்புடுற அன்னிக்கெல்லாம் ராத்திரி துணி மாத்த முடியல எனக்கு. இருட்டுல மாத்துறேன்."

மன்னிப்பு கேட்டால் அதற்கும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

"சரிம்மா" என்றேன்.

அவள் வைக்கும் வரை காத்திருந்தேன். பிறகு அவள் எண்ணை அழித்தேன். எனக்கு அது மனப்பாடம். மேசையில் ஒரு பள்ளிக்கூட கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது, ஃபேன் முழுக்கத் தூசி. தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.